பலகையில் எழுதாமல் விட்ட பாதி

நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது. யானையால் துள்ள முடியாது. கடற்குதிரையில் குஞ்சு சுமப்பது ஆண். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் ஆயிரம் பேராவது இந்த மூன்றையும் அறிந்து வைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பள்ளிக்கூடம் அல்ல. பாதையில் கயிறு கட்டுகிற விஜிதரன்.

பாதை என்றால் இங்கே தெரு அல்ல. பாலம் இல்லாத இடத்தில் மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகிற இயந்திரத் தட்டுக்கு மட்டக்களப்பார் வைத்த பெயர் அது. தெரு முடிந்த இடத்தில் தெருவே மிதந்து போகட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. அக்கரை சேர இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் பயணிகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்பவரின் வயிற்று வருத்தத்தை விசாரிக்கலாம்.

பாதையின் முன்பக்கத்தில் ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. ‘மோட்டார் சைக்கிள் இயந்திரங்களை நிறுத்தவும்’ என்று அதில் எழுதியிருந்தது. யாரும் நிறுத்தியதில்லை. பத்து வருடத்துக்கு முன்பு ஒருநாள் விஜிதரன் பலகையைத் திருப்பிப் போட்டு, மேலே ‘தெரியுமா?’ என்று எழுதி, அதன் கீழ் ஒரு வசனம் எழுதினான். அன்றிலிருந்து தினம் ஒரு வசனம். ஒன்றுக்கு மேல் எழுதமாட்டான். கடைசி ஆளுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினால் பலகை ஒரு வசனத்தைத்தான் கொள்ளும். இந்தக் கதையில் நடந்த குழப்பம் முழுவதும் அந்த ஒரு வசன விதியால் வந்தது.

“பாட்டுப் பாடுற மீனைப் பத்தி எழுதன்” என்று, மட்டக்களப்பு வாவியின் பெயர்பெற்ற மீனை நினைத்துப் பயணிகள் கேட்பார்கள்.

“கேட்ட ஆக்களைத் தெரியும். பாடக்குள்ள பாத்த ஆக்களைத் தெரியா. பாத்தவங்க யாராவது வந்தா எழுதிறன்” என்பான். உறுதியில்லாத எதையும் அந்தப் பலகையில் ஏற்றுவதில்லை என்பதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. விஜிதரன் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். தொண்ணூற்றெட்டில், இரண்டாம் வினாத்தாள் நடந்த காலையில் இராணுவத்தார் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். சட்டைப் பையில் பரீட்சை அனுமதி அட்டையோடு விளையாட்டு மைதானத்து வெயிலில் குந்தியிருந்தான். மத்தியானம் மூன்று மணிக்கு விட்டார்கள். வினாத்தாள் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. அவன் மேல் ஆயிரம் சந்தேகம் வந்த அந்த மனிதர்களுக்கு, இந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே இருக்கவேண்டியவன் என்ற சந்தேகம் மட்டும் வரவில்லை. அடுத்த வருடம் தகப்பன் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தைக் காக்கித் தாளால் உறையிட்டுப் பெட்டிக்குள் வைத்தான். வள்ளத்தில் போனான், மேசனுக்கு மண் குழைத்தான், கடைசியில் பாதையில் கயிறு பிடித்தான். பலகையில் எழுதத் தொடங்கிய பிறகுதான் அந்தக் காக்கி உறை மறுபடி பிரிந்தது.

போன வருட ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் புத்தகத்தில் மைட்டோகொண்ட்ரியா பற்றிய பக்கத்தைப் பார்த்து இப்படி எழுதினான்:

‘நம் உடலின் உயிர்க்கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகின்றன.’

அன்று பாதையில் வேலப்போடியார் நின்றார். ஊர்க் கோயிலில் தன் குடிக்கு வண்ணக்கர் அவர். கோயில் காரியங்களில் குடிக்காகப் பேசுகிற பொறுப்பு அது. எழுபது வயது; படுவான்கரையில் வயல்; வெள்ளை வேட்டி. பலகையை இரண்டு தரம் வாசித்தார்.

“டேய் தம்பி, இது மெய்தானா?”

“ஓம் அண்ணே. புத்தகத்தில கிடக்கு.”

“தாயிட்ட இருந்து மட்டும்?”

“மட்டும்.”

“தகப்பனிட்ட இருந்து ஒரு துளியும் இல்ல?”

“இழைமணி இல்ல அண்ணே.”

வேலப்போடியார் கைத்தொலைபேசியை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தார். பிறகு பாதையில் இருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “பாத்தீங்களாகா? வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கான். நம்மட ஆக்கள் எப்பவோ கண்டுபிடிச்சுக் குடி எண்டு பேரும் வெச்சிட்டாங்க!”

மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் வேறு குடி. ஒரே குடியில் பிறந்த இருவர் அண்ணன் தங்கை முறை. அவர்கள் கலியாணம் முடிக்கக்கூடாது. ஒருவரையொருவர் கண்ணால் கண்டிராவிட்டாலும், நடுவில் பத்துக் கட்டை தூரமும் ஒரு வாவியும் கிடந்தாலும், அண்ணன் தங்கைதான். ஆனால் தாயின் தமையன் பிள்ளையை, ஒரே முற்றத்தில் வளர்ந்த மச்சானை, தாராளமாக முடிக்கலாம். அவன் வேறு குடி. குடிகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னும் நாலு கலியாணம் நின்றுபோகும்.

படம் பேஸ்புக்கில் ஏறியது. மூவாயிரம் பேர் பகிர்ந்தார்கள். ‘நம் முன்னோரின் விஞ்ஞானம்’ என்று யாரோ தலைப்புப் போட்டார். கோயில் வருடாந்தக் கூட்டத்தில் விஜிதரனை மேடைக்குக் கூப்பிட்டு வேலப்போடியார் பொன்னாடை போர்த்தினார். பரீட்சை மண்டபத்துக்குப் போகாத ஆளுக்கு இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு பெறுபேறு வந்தது போல இருந்தது. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு தரம் போர்த்திப் பார்த்தான்.

அடுத்த மாதம் திருவிழா. கும்பம் எடுக்கும் பிள்ளைகளைக் குடிவாரியாகப் பெயர் வாசித்தார்கள். மலையகத்தில், குடி வழக்கம் இல்லாத பதுளைப் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த ஒருத்தியின் மகளும் பட்டுப் பாவாடையோடு வந்து நின்றாள். பத்து வயது இருக்கும். “தாய்க்குக் குடியில்லையேகா, பிள்ளைக்கு எங்கால வாற?” என்றார் ஒருவர். “முந்தியெல்லாம் விட்டதுதானே” என்றாள் தாய். “முந்தித் தெரியாம விட்ட. இப்ப விஞ்ஞானமே சொல்லிப் போட்டுது” என்று வேலப்போடியார் கைத்தொலைபேசியைக் காட்டினார். படத்தில் விஜிதரனின் கையெழுத்து. கும்பம் அடுத்த பிள்ளையின் கைக்குப் போனது. பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தாள். விஜிதரன் பத்தடி தள்ளிப் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தான். நான் எழுதியது உண்மை, என்று யோசித்தான். இவர்கள் செய்வது அநியாயம். உண்மையிலிருந்து அநியாயம் எப்படி வந்தது? எங்கேயோ ஒரு படி பிழையாய்ப் போயிருக்கிறது, எந்தப் படி என்று பிடிபடவில்லை. பிடிபடாதபடியால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சரிகைத் துணி முதுகில் முள்ளுமுள்ளாகக் குத்தியது.

அதே பலகை தன் வாசலுக்கும் வரும் என்று அவன் நினைக்கவில்லை.

விஜிதரனின் மனைவி கலாஜினி இரண்டு பசு வளர்க்கிறாள். செவலைப் பசு சினைப்படாமல் நின்றபோது, படுவான்கரையிலிருந்து தேனுஜன் வந்தான். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவன் வேலை. மோட்டார் சைக்கிளின் பின்னால் காளை விந்தை உறையவைத்த, வெண்புகை கசிகிற ஒரு தகரக் குடுவையைக் கட்டிக்கொண்டு கிழமைக்கு இரண்டு தரம் பாதையால் வருவான். பயணிகள் அவனுக்கு வைத்த பெயர் ‘மாட்டு மாப்பிள்ளை’. அவனும் சிரித்துக்கொண்டே, “இண்டைக்கு ஏழு கலியாணம், ஒண்டிலயும் சாப்பாடு இல்ல” என்பான்.

முதல் நாளே கலாஜினி கேட்டாள்: “தம்பி எந்த ஊர்? அம்மாட ஆக்கள் ஆரு? எந்தக் குடி?”

அவன் சொன்னான்.

“அட என்ட மனே! அப்ப நீ நம்மட ஆள். உன்ட அம்மா எனக்கு அக்கா முறையெல்லா? நான் உனக்குச் சின்னம்மா. கையைக் கழுவிப் போட்டு வா, சோறு தின்னு.”

அன்றிலிருந்து அவன் அவளுக்கு மகன், விஜிதரன் அவனுக்குச் சின்னப்பா. செவலை சினைப்பட்டது. பிறகும் தேனுஜன் வந்துகொண்டிருந்தான். பசுவின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். பசுவுக்கு அவ்வளவு பார்வை தேவையில்லை என்பதைக் கலாஜினி கவனிக்கவில்லை. களுவாஞ்சிகுடியில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் மகள் கம்சாயினி, அவன் வருகிற நாட்களில் வேளைக்கே வீட்டுக்கு வருவதையும் கவனிக்கவில்லை. அண்ணன் தங்கைக்கு நடுவில் எதைக் கவனிப்பது?

எட்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம், தாய் பால் கறந்துகொண்டிருக்கும்போது கம்சாயினி சொன்னாள்: “அம்மா, நானும் தேனுஜனும் முடிக்கப் போறம். வாற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பதிவு. அப்பா சாட்சிக்குக் கையெழுத்து வெக்கணும்.”

பால் வாளி கவிழவில்லை. கலாஜினி அதைக் கவனமாகத் தூக்கி ஓரமாக வைத்தாள். பிறகு, “அவன் உன்ட அண்ணன்டி!” என்று கத்தினாள்.

“எந்த அண்ணன்? நீங்க பெத்தீங்களா?”

“குடி ஒண்டெல்லா!”

“பதினஞ்சு வருசம் ஒண்டாப் படிச்ச பொடியனெண்டாலும் பரவாயில்ல. போன வருசம்தான் கண்ணால கண்ட ஆள் எப்பிடி அண்ணன்?”

“என்னட்டக் கேக்காத. உன்ட கொப்பர் படிச்சவர். பலகையில எழுதினவர். அவரிட்டக் கேள். தாயிட்ட இருந்துதான் எல்லாம் வருதாம். ரெண்டு பேருக்கும் ஒரே தாய்வழி. அப்ப ஒரே ரத்தம்தானே? சொல்லுங்களன்!”

இருவரும் விஜிதரனைப் பார்த்தார்கள். பத்து வருடமாக ஊருக்கே ‘தெரியுமா?’ என்று கேட்டவன் சொன்ன பதில்: “தெரியல்லயே புள்ள.”

மறுநாள் காலையிலேயே வேலப்போடியார் வந்துவிட்டார். கலாஜினியும் அவரும் ஒரே குடி. தகவல் பாதையை விட வேகமாகப் போயிருந்தது.

“தம்பி, நீ ஊருக்கு உண்மை சொன்ன ஆள். உன்ட வீட்டில இப்பிடி நடக்கலாமா? உன்ட தங்கச்சிட மகன் கட்டாரில இருக்கான். முறை மச்சான். அவனைப் பேசுவம். சுத்தமா, குடி மாறி, விஞ்ஞானப்படி.”

தங்கையின் மகன் இந்த முற்றத்தில் தவழ்ந்தவன். விஜிதரனின் அதே மூக்கு, அதே முன்பல் இடைவெளி. கம்சாயினிக்கும் அதே இடைவெளி. அவன் சுத்தமான மாப்பிள்ளை. படுவான்கரையில் எங்கேயோ பிறந்த, மூக்கும் பல்லும் எதுவும் ஒட்டாத தேனுஜன் அண்ணன். விஜிதரன் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். பிழை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, கை வைக்கப் போனால் வழுக்குகிறது. வாவி நீரில் விழுந்த சாவியைக் காலால் துழாவுகிற மாதிரி.

மூன்று நாள் பலகை வெறுமையாகத் தொங்கியது.

“என்னகா விஜி, உலகத்தில உள்ளதெல்லாம் முடிஞ்சு போச்சா?” என்றார் ஒரு மீன் வியாபாரி.

“சோக்கட்டி முடிஞ்சிட்டுதோ?” என்றாள் இன்னொருத்தி, எழுதுகிற மாதிரிக் கையை ஆட்டி. “புள்ளட கதைதான் முடியல்லயாம்” என்றாள் அவள் பக்கத்தில் நின்றவள். பாதை சின்னது, இருபது நிமிடத்தில் எல்லாக் கதையும் எல்லாக் காதுக்கும் போய்ச் சேரும்.

நாலாம் நாள் பஹீமா டீச்சர் அவனிடம் வந்தார். காத்தான்குடியிலிருந்து படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு உயிரியல் படிப்பிக்கப் போகிறவர். விஜிதரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே தன் சந்தேகத்தைச் சொன்னான்.

“எழுதினது பிழையில்ல” என்றார் டீச்சர். “இழைமணி தாயிட்ட இருந்துதான் வாற. ஆனா அதுக்குள்ள இருக்கிற பரம்பரையலகு, ஜீன் எண்டு சொல்ற, எத்தினை தெரியுமா? முப்பத்தேழு. மனுசன்ட மொத்தம் கிட்டத்தட்ட இருபதாயிரம். மிச்சமெல்லாம் தாய் தகப்பன் ரெண்டு பேரிட்ட இருந்தும் வாற.”

“அப்ப அந்த முப்பத்தேழும் ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே டீச்சர்?”

“ஒண்டா இருக்கலாம். யாரு பாத்த? அப்பிடிப் பாத்தா, தாய்க்குத் தாய், தாய்க்குத் தாயெண்டு பின்னுக்குப் போங்க. உலகத்தில உள்ள எல்லாருக்கும் ஒரு தாயிலதான் போய் முட்டும். அப்ப ஒருத்தரும் ஒருத்தரையும் முடிக்க ஏலா. எல்லாரும் அண்ணன் தங்கச்சிதான்.”

விஜிதரன் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை.

“எங்கடயாக்களுக்கும் குடி இருக்கு. பள்ளிவாசல் மரைக்கார்மாரும் முந்திக் குடிக்கொருத்தர், உங்கட வண்ணக்கர் மாதிரி. எனக்குப் பேசி வந்த ஒரு மாப்பிள்ளைய, குடி ஒண்டெண்டு உம்மா திருப்பி அனுப்பிட்டா. நான் அண்டைக்கும் உயிரியல் டீச்சர்தான். இருபதாயிரமும் முப்பத்தேழும் எனக்கு அண்டைக்கும் தெரியும்.”

“ஒண்டும் சொல்லல்லயா?”

“என்ன சொல்ற? உம்மாக்கிட்டக் கணக்குச் சொல்றயா?”

கரை வந்தது. டீச்சர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். விஜிதரனுக்குப் பாதி தெளிந்தது. மீதிப் பாதி முன்பை விடக் கலங்கியது. கணக்குத் தெரிந்தவரே வாயை மூடியிருந்தால், கணக்கால் என்ன பயன்?

அடுத்த நாள் தேனுஜன் வந்தான். ஒரு கிழமையாக இருவரும் பேசவில்லை. அவன் வண்டியை நிறுத்திவிட்டுக் குடுவையின் மேல் கொப்பியை வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான். விஜிதரன் எட்டிப் பார்த்தான். வரிசை வரிசையாக இலக்கங்கள்.

“என்ன அது?”

தேனுஜன் வாயைத் திறந்தான். ‘சின்னப்பா’ வரவேண்டிய இடம். மூடினான். ‘மாமா’ வரவேண்டிய இடம். அதற்கும் துணிவில்லை. கடைசியில், “காளை இலக்கம், சேர்” என்றான்.

“அது எதுக்கு எழுதிற?”

“எந்தப் பசுவுக்கு எந்தக் காளைட ஊசி போட்டதெண்டு. மறுகா அந்தப் பசு ஈண்ட பசுக்கண்டு வளந்து வந்தா, அதுக்கு அதே காளைட ஊசியைப் போட்டிரக் கூடாதெல்லா? அது தகப்பன். போட்டா நோஞ்சான் கண்டு, குறைக் கண்டு பிறக்கும்.”

“தாயைப் பாக்கிறல்லயா?”

“தாய் பட்டியில நிக்கிது, எல்லாருக்கும் தெரியும். தகப்பன்தான் ஆருக்கும் தெரியா. தாய்வழியை மட்டும் எழுதினா, காளையை அதுட மகளோடயே சேத்தாலும் கொப்பியில ஒரு பிழையும் தெரியா சேர். காளைட தாய் வேற, கண்டுட தாய் வேற.”

சொல்லிவிட்டுத் தேனுஜன் எழுதப் போய்விட்டான். அவனுக்கு அது அன்றாட வேலை. விஜிதரனோ கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தான். விஜிதரன் வேறு குடி, கம்சாயினி வேறு குடி. வேலப்போடியார் சொல்கிற விஞ்ஞானப்படி, அவனுக்கும் அவன் பெற்ற மகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை! இருபத்துநாலு வருடம் தோளில் தூக்கியவன், அவளுடைய முன்பல் இடைவெளிக்குச் சொந்தக்காரன், தாய்வழியை மட்டும் எழுதிய கொப்பியில் அந்நியன். இதை எந்த வண்ணக்கரும் ஒப்புக்கொள்ளமாட்டார். அப்படியானால் அவர்களுக்கே தெரியும், குடி என்பது ரத்தக் கணக்கு அல்ல என்று. அது மனிதர் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒரு ஒழுங்கு. ஒரு காலத்தில் நல்லதாகவும் இருந்திருக்கலாம். பெண்ணுக்குக் காணியும் வீடும் கிடைத்தது அந்த ஒழுங்கால்தான். ஆனால் மனிதர் போட்ட ஒழுங்கு என்றால் மனிதரிடம் நியாயம் கேட்கலாம். விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் கேள்வியே கேட்க முடியாது. பத்து வயதுப் பிள்ளையின் கையிலிருந்து கும்பத்தைப் பறித்தது குடி அல்ல. கேள்வி கேட்க முடியாமல் செய்த அந்த ஒரு வசனம்.

வியாழக்கிழமை காலையில் பலகை நிறைந்திருந்தது. ஒரு வசன விதி உடைந்தது. பதினொரு வரிகள், முப்பத்தேழு, இருபதாயிரம், காளை, கண்டு எல்லாம் பொடி எழுத்தில். ஒருவருக்கும் வாசிக்க முடியவில்லை.

“என்னகா இது, மருந்துக் கடைத் துண்டு மாதிரிக் கிடக்கு?”

“நம்மட பலகை வாத்தியாருக்கு விசர் பிடிச்சிட்டுது.”

வேலப்போடியார் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போய், விரலால் வரி வரியாக வாசித்தார். பாதை நடு வாவிக்கு வந்திருந்தது. யாரும் இறங்கிப் போக முடியாது.

“அப்ப நீ முந்தி எழுதினது பொய்யா?”

“பொய்யில்ல அண்ணே. பாதி. மத்தப் பாதிய எழுதாம விட்டது என்ட பிழை.”

“பாதிக்கா நான் முழுப் பொன்னாடை போத்தின?”

விஜிதரன் இயந்திரப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்த பையைத் திறந்து பொன்னாடையை எடுத்து நீட்டினான். மீன் வியாபாரி ஓவென்று சிரித்தார்.

“இந்தாங்க அண்ணே, மடிச்சுக் கொண்டுவந்தன். வெச்சுக் கொள்ளுங்க. ஆனா அந்தப் படத்தை இனிக் காட்டாதீங்க. அந்தப் பதுளைப் பிள்ளை வாற திருவிழாவில கும்பம் எடுக்கட்டும்.”

வேலப்போடியார் பொன்னாடையைத் தொடவில்லை. “விஞ்ஞானம் சொல்லாட்டியும் குடி குடிதான்டா தம்பி.”

“சரி. அப்ப குடியெண்டே சொல்லுங்க. விஞ்ஞானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.”

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். கரை வந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலடி போய்த் திரும்பி, “கும்பத்தை நான் தனிய முடிவெடுக்க ஏலா. ஏழு பேர் இருக்கம்” என்றார். அது ஆமா இல்லையா என்று விஜிதரனுக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

அன்று பின்னேரம் தான் கண்டுபிடித்ததையெல்லாம் மனைவியிடம் கொட்டினான். கலாஜினி வைக்கோலை உதறிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்:

“எனக்கு உங்கட முப்பத்தேழும் தெரியா, இருபதாயிரமும் தெரியா. நீங்க சொன்னா மெய்யாத்தான் இருக்கும். அந்தப் பொடியன் எட்டு மாசம் என்னைச் சின்னம்மா எண்டு கூப்பிட்டவன். நான் மகனெண்டு சோறு போட்டன். இப்ப அவன் மருமகனெண்டா, நான் போட்ட சோறெல்லாம் என்ன முறைச் சோறு? அதை எந்தப் புத்தகத்தில எழுதியிருக்கு?”

எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. விஜிதரன் தலையைச் சொறிந்தான். பலகையோடு வாதாடலாம், வண்ணக்கரோடு வாதாடலாம். ஒரு சட்டி மீன் குழம்போடு எப்படி வாதாடுவது?

“நாளைக்கு வருவியா?” என்று மட்டும் கேட்டான்.

“தெரியா” என்றாள்.

வெள்ளிக்கிழமை விஜிதரன் பாதையில் பயணியாக ஏறினான். கயிறு வேறு ஒருவர் கையில் இருந்தது. தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் அசைத்துக்கொண்டு நின்றான். கலாஜினி அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். வந்திருந்தாள், ஏன் என்று சொல்லவில்லை. வீட்டுச் சேலைதான் உடுத்திருந்தாள், கலியாணச் சேலை அல்ல. கையில் மட்டும் ஒரு சாப்பாட்டுக் கரியர்.

படுவான்கரையில் விவாகப் பதிவாளரின் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி. தேனுஜனின் தாய் வரவில்லை. தகப்பன் வந்து சுவரோடு சுவராக நின்றார். கம்சாயினி தாயைப் பார்த்ததும் எழும்பினாள், மறுபடி உட்கார்ந்தாள். பதிவாளர் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். குடிக்கு அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை. பிறகு பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

“சட்டத் தடை ஒண்டும் இல்லைதானே? ரத்த உறவு, கிட்டின சொந்தம், அப்பிடி ஏதும்?”

மின்விசிறி சுற்றியது. கலாஜினி மூச்சை இழுத்தாள். விஜிதரனுக்கு அந்த மூச்சுத் தெரியும். ‘அண்ணன்’ என்ற சொல்லுக்கு முன்னால் வருகிற மூச்சு. கம்சாயினியின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன. அந்தச் சொல் வெளியே வந்தால் பதிவாளர் பேனையை மூடிவிடுவார். பிறகு பதினொரு வரி எழுதினாலும் திறக்கமாட்டார்.

“இல்ல” என்றான் விஜிதரன். “நான் தகப்பன். ரத்த உறவு எனக்கும் இவளுக்கும்தான். இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்ல.”

அவன் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறிய உண்மை. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினாலும் அடங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்ன பிறகும் அவன் மனைவியைத்தான் பார்த்தான். கலாஜினி இழுத்த மூச்சை மெதுவாக விட்டாள். பதிவாளர் தாளைத் திருப்பி, “சாட்சி இதில” என்றார். விஜிதரன் கையெழுத்து வைத்தான். பரீட்சைத் தாளில் பெயர் எழுதுகிற மாதிரி, எழுத்து எழுத்தாக.

வெளியே வேம்பின் கீழ் கலாஜினி கரியரைத் திறந்தாள். சோறு, மீன் குழம்பு. தேனுஜன் வந்து அவளுக்கு முன்னால் நின்றான். “சின்ன...” என்றான். நிறுத்தினான். “மா...” என்றான். அதுவும் பாதியில் நின்றது. இரண்டு பாதியையும் சேர்த்தால் மறுபடி சின்னம்மா மாதிரியே கேட்டது. காதுவரை சிவந்துபோய்த் தலையைக் குனிந்தான்.

கலாஜினி தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தாள்.

“இந்தா மகன், தின்னு. மகனெண்டுதான் கூப்பிடுவன். எந்த முறையில மகனெண்டு மட்டும் என்னட்டக் கேட்டிராத. எனக்குத் தெரியா.”